பாறை மேல் ஒரு குளியலறை

கல்வராயன் மலையில் உள்ள கரியாலூரில் எர்த் குழி தோண்டுகிறவருக்குக் கடப்பாறையின் ஓசையே பாதி விடையைச் சொல்லிவிடும். மேலே இரண்டடி, மூன்றடி செம்மண். அதற்குக் கீழே ‘ணங்’ என்று பாறை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஏறும் சாலையின் வெட்டுச் சரிவுகளிலேயே இதைக் காணலாம். ஒல்லியான மண் போர்வை, அதன் கீழ் கருஞ்சாம்பல் நிறக் கல். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனது. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லும் இதே இனம்தான்.

வீட்டுக்கு அடித்தளம் போட இந்தப் பாறையைப் போல் உறுதியான இடம் கிடையாது. ஆனால் மின்சாரத்துக்கு அது நல்ல தரை அல்ல. வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார், இரும்புக் குழாய், ஈரத் தரை ஆகிய நான்கும் ஒன்றுசேரும் குளியலறையில் அந்தக் குறை உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. “எர்த் போட்டிருக்கோமே, அப்புறம் என்ன பயம்?” என்ற நம்பிக்கை எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

மண்ணுக்குள் போன மின்சாரம் எங்கே போகிறது?

பூமி மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மின்னோட்டம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பிச் சேர்ந்தாக வேண்டும். நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் முனையை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். ஹீட்டரின் பேஸ் கம்பி உள்ளே அறுந்து அதன் உலோக உடலைத் தொட்டால், அந்த மின்னோட்டம் நம் எர்த் கம்பி வழியே குழிக்கு இறங்கி, மண்ணுக்குள் பரவி, டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் ஏறி, நியூட்ரலை அடைகிறது. மண் அங்கே ஒரு கம்பியின் வேலையைச் செய்கிறது.

மண்ணால் இது முடியும் என்பதை 1838-இலேயே ஜெர்மானியரான கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் கண்டுகொண்டார். தந்திக்கு இரண்டு கம்பிகள் தேவைப்பட்ட காலம் அது. ஒரு கம்பியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் தரையில் புதைத்தபோதும் தந்தி வேலை செய்தது. தந்திக்குத் தேவையான மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் மண்ணின் தடை பெரிய இடையூறாக இல்லை. வீட்டில் பழுது நேரும்போது நமக்கு வேண்டியது வேறு. மெயின் போர்டில் உள்ள காப்புச் சுவிட்ச்சான எம்.சி.பி. ‘டப்’பென்று விழும் அளவுக்குப் பெரிய மின்னோட்டம் அந்த மண் வழியே ஓடியாக வேண்டும். கரியாலூர் மண்ணில் அது ஓடுமா?

ஒரு சிறிய கணக்கு

எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043. அதில் உள்ள வழக்கமான முறை, 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் செங்குத்தாகப் புதைப்பது. அந்தக் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான தடை எவ்வளவு வரும் என்பதற்கு வாய்பாடு உண்டு. அதைச் சுருக்கினால், மண்ணின் மின்தடைமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

சமவெளியில் ஆற்றங்கரை வயலின் ஈரக் களிமண்ணுக்குத் தடைமை 50 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழியின் தடை சுமார் 17 ஓம். சரளை கலந்த மேட்டுநில மண்ணுக்கு 500 என்று கொள்வோம். தடை 166 ஓமாக ஏறிவிடுகிறது. வெறும் கடும்பாறை என்றால் தடைமை ஆயிரங்களில் போகும். கோடையில் மண் காய்ந்தால் எல்லா எண்களும் இன்னும் உயரும்.

மலை வீட்டில் ஹீட்டருக்குள் பேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட். குழியின் தடை 166 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்துக்கு ஒரு 5 ஓம். ஓடும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர்தான். ஹீட்டருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது பழுதாகவே தெரியாது. அதன் கண்ணில் ஒரு சிறிய அயர்ன்பாக்ஸ் ஓடுவது போலத்தான் இருக்கும். அதை உடனே விழவைக்க, வகையைப் பொறுத்து, 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும்.

அந்த 230 வோல்ட்டில் பெரும்பகுதி குழியின் தடையில் விழுகிறது. அதாவது ஹீட்டரின் உடல் சுமார் 223 வோல்ட்டில் நிற்கிறது. எர்த் கம்பி வீட்டின் எல்லாச் சாதனங்களையும் இணைப்பதால், ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் என்று எல்லா உலோக உடலும் அதே 223 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. எர்த் முறைப்படி இருக்கிறது, எம்.சி.பி. பழுதின்றி இருக்கிறது, இருந்தும் வீடு முழுக்க ஷாக் அடிக்கிறது.

சமவெளிக்காரர்களும் நிம்மதி கொள்ள முடியாது. 17 ஓம் குழியில் 10 ஆம்பியர் ஓடும். அதற்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. எர்த் குழியும் எம்.சி.பி.யும் மட்டும் கொண்ட காப்பு எங்குமே அரைகுறைதான். பாறை நிலம் அந்தக் குறையை அப்பட்டமாகக் காட்டுகிறது.

உடல் தாங்கும் அளவு

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய சார்லஸ் டால்ஸியல், தாமாக முன்வந்த மனிதர்களின் கைகளில் மின்சாரத்தைச் செலுத்தி ஒரு கேள்விக்கு விடை தேடினார்: எந்த அளவு வரை ஒருவரால் பிடித்த கம்பியை விட முடியும்? ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கைத் தசைகள் இறுகிக்கொள்ளும். விட வேண்டும் என்று மூளை கத்தினாலும் கை விடாது. ஒரு நொடிக்கு மேல் 50 மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ மார்பு வழியே பாய்ந்தால் இதயம் ஒழுங்கிழந்து துடிதுடித்து நிற்கும் அபாயம் தொடங்குகிறது.

ஈரமான கையோடு ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல் தடை சுமார் 1,000 ஓம் என்று கொள்ளலாம். 223 வோல்ட்டைத் தொட்டால் 223 மில்லி ஆம்பியர். கொல்லத் தொடங்கும் அளவைப் போல் நான்கு மடங்குக்கு மேல். மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. 16,000 மில்லி ஆம்பியர் வரை கண்டுகொள்ளாது. அது வயரைத் தீயிலிருந்து காக்கச் செய்யப்பட்ட கருவி. மனித உடல் அதன் அளவுகோலிலேயே இல்லை.

குழாயில் கரண்ட் வருவது எப்படி?

மலையில் மார்கழிக் குளிர் கடுமையானது. விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சிய வீடுகளில் இப்போது ஹீட்டர் ராடு தொங்குகிறது. சுற்றுலாவுக்காக எழுந்த விடுதிகளில் கீசர் வந்துவிட்டது. ஹீட்டர் காயிலின் நடுவில் சுருள் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள், அதற்கு வெளியே உலோக உறை. உறையில் உப்புப் படிந்து, அரித்து, மயிரிழை அளவு விரிசல் விட்டால் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு காயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே தடுப்பு இல்லை. மோட்டாரின் வைண்டிங் நனைந்தாலும், ஆணி அடித்துப் பிடித்த வயர் ஜி.ஐ. குழாயில் உரசித் தோல் கிழிந்தாலும் இதே கதைதான்.

பிளாஸ்டிக் குழாய் என்றால் பயமில்லையா? தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். சாதாரணக் குடிநீரின் தடைமையை 20 ஓம்-மீட்டர் என்று கொண்டால், அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத் தண்ணீரின் தடை ஒரு லட்சம் ஓமைத் தாண்டும். அதன் வழியே 230 வோல்ட் செலுத்தக்கூடியது 2 மில்லி ஆம்பியர். கை ‘ஜிவ்’வென்று கூசும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஹீட்டருக்கும் பித்தளைக் குழாய்க்கும் இடையே பத்து சென்டிமீட்டர்தான் பிளாஸ்டிக் என்றால் தடை பத்தில் ஒன்றாகக் குறைந்து, மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியராகிறது. கை விடாத அளவு அது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் குழாய் காப்பாற்றுமா என்பதை அதன் நீளமும் உள்ளே ஓடும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன.

குழாயையே எர்த்தாக நம்பியவர்கள்

ஊர் முழுக்கப் புதைந்து கிடக்கும் இரும்புக் குடிநீர்க் குழாயைவிடச் சிறந்த எர்த் எது என்று ஒரு காலத்தில் பொறியாளர்களே நினைத்தார்கள். அமெரிக்க நகரங்களில் வீட்டின் எர்த் கம்பியைக் குடிநீர்க் குழாயில் கட்டுவது நெடுங்கால வழக்கம். குழாய் பழுதாகி, நடுவில் ஒரு துண்டைப் பிளாஸ்டிக்கால் மாற்றியபோது அந்த ஏற்பாடு குலைந்தது. பிளம்பர் ஒருவர் குழாயை அறுத்த கணத்தில் ஒரு பக்கத்து முனை மின்சாரத்தோடு நிற்கும். வீட்டுக்காரருக்கோ எர்த் போய்விட்டது என்பதே தெரியாது. 1978-இல் அமெரிக்க மின் விதித்தொகுப்பு, குடிநீர்க் குழாயை மட்டும் நம்பக் கூடாது, கூடவே வேறோர் எர்த் முனையும் வேண்டும் என்று சொன்னது.

நம் கிராமங்களுக்கும் இந்த வரலாறு அப்படியே பொருந்துகிறது. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பின் வீடுதோறும் குழாய் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். பழைய ஜி.ஐ. குழாயில் எர்த் கட்டியிருந்த வீடுகளில், வெளியே குழாயை மாற்றிய நாளோடு எர்த் அறுந்துபோகிறது. உள்ளே சுவரோரம் மிச்சமிருக்கும் இரும்புத் துண்டு, பழுது வரும் நாளில் எல்லோர் கையும் படும் பேஸ் கம்பியாக மாறும்.

இதைவிடக் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. நியூட்ரல் வராத நேரத்தில் விளக்கெரிய, பேஸுக்கும் போர் பைப்புக்கும் நடுவே பல்பைப் போடுவது. 100 வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம். பைப்பின் எர்த் தடை 166 ஓம் என்றால், பல்பு ஓரளவு மங்கலாக எரியும், பைப் 55 வோல்ட்டுக்கு ஏறும். அதே பைப்பில் ஈரக் கையோடு ஒரு பெண் குடம் பிடித்தால் சுமார் 50 மில்லி ஆம்பியர். ஒரு பல்பு எரிய, தண்ணீர் பிடிக்க வந்தவரின் இதயம் பணயமாகிறது. யார் சொன்னாலும், எந்த அவசரத்துக்கும், இதைச் செய்யக் கூடாது.

எர்த்தைச் சோதிக்க டெஸ்ட் லாம்ப் போடும் முறையும் இதே கணக்கில் மாட்டுகிறது. 166 ஓம் கொண்ட மோசமான எர்த்திலும் அந்தப் பல்பு 58 வாட்டில் எரிந்து காட்டும். “எர்த் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நியான் டெஸ்டரோ, எல்.இ.டி. விளக்கோ என்றால் பல்லாயிரம் ஓம் தடையிலும் ஒளிரும். எர்த்தின் தரத்தை எர்த் டெஸ்டர் கருவியால் ஓம் கணக்கில் அளந்தால்தான் உண்டு.

போனது திரும்பி வந்ததா?

இத்தனை சிக்கலுக்கும் தீர்வாக வந்த கருவியின் தத்துவம் எளியது. பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே இரும்பு வளையத்துக்குள் நுழைக்கிறார்கள். பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பினால், இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கோ ஒரு பங்கு மண்ணுக்கோ மனித உடலுக்கோ கசிந்தால், திரும்பி வருவது குறையும். அந்த வித்தியாசம் வளையத்தில் காந்தப்புலமாக எழுந்து, அதில் சுற்றிய மற்றொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சுவிட்சை விழவைக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள், அதைப் போல் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள் மின்சாரம் நிற்கும். இதயம் ஒரு துடிப்பை முடிப்பதற்குள்.

1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் இத்தகைய கருவியை உருவாக்கினார். ஈரமும் பாறையும் நிறைந்த சுரங்கத்துக்குப் பிறந்த கருவி என்பது கரியாலூருக்கு மிகவும் பொருத்தம். டால்ஸியல் தம் ஆய்வு முடிவுகளைக் கொண்டு 1961-இல் 5 மில்லி ஆம்பியரில் விழும் கருவியை அமெரிக்க வீடுகளுக்காக வடிவமைத்தார். நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். பழைய வயர்மேன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்.

இப்போது மலை வீட்டின் கணக்கைத் திரும்பப் போடுவோம். குழியின் தடை அதே 166 ஓம். ஆர்.சி.சி.பி. விழ 30 மில்லி ஆம்பியர் போதும். அந்த மின்னோட்டத்தில் ஹீட்டர் உடல் ஏறக்கூடியது 5 வோல்ட். பாறையில் எர்த் 1,000 ஓமே வந்தாலும் 30 வோல்ட்டைத் தாண்டி நீடிக்காது. எம்.சி.பி.க்குப் பயன்படாத எர்த், ஆர்.சி.சி.பி.க்குத் தாராளமாகப் போதும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அண்மை ஆண்டுகளில் புதிய மின் இணைப்புகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். ஆனால் ஆபத்து அதிகம் உள்ளது பழைய வயரிங் ஓடும் வீடுகளில். அவற்றை எந்தப் புதிய விதியும் தானாகச் சென்று எட்டுவதில்லை.

அதற்காக எர்த்தே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டர் பழுதானால், ஒருவர் தொட்டு, அவர் உடல் வழியே கசிந்த பின்தான் ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இருந்தால், பழுது தோன்றிய கணமே, யாரும் தொடும் முன்பே விழுந்துவிடும். ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தால் மட்டும் கசிவு எதுவும் இல்லாததால் கருவிக்கு அது தெரியாது. அந்த எல்லையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குழாயைக் கட்டுவது

குழாயை எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது, ஆனால் குழாயை எர்த்தோடு இணைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. வீட்டின் எர்த் தனிக் குழியில் இருக்க, உள்ளே உள்ள இரும்புக் குழாய்களைச் செம்புக் கம்பியால் அந்த எர்த்தோடு கட்டுவதற்குப் பெயர் பாண்டிங். மட்டம் ஒன்றாக இருக்கும் இரண்டு குளங்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் ஓடாது. அதுபோல, கீசரும் குழாயும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால், இரண்டையும் ஒருசேரத் தொடுபவர் வழியே மின்சாரம் பாயாது.

ஆனால் காலடியில் ஈரத் தரை இருக்கிறது. தரை வேறு மட்டத்தில் நிற்கும். அதனால் ஆர்.சி.சி.பி. இல்லாமல், மோசமான எர்த்தோடு எல்லாக் குழாயையும் கட்டினால், ஒரு ஹீட்டரின் பழுது வீட்டின் அத்தனை குழாய்களுக்கும் பரவும். பாண்டிங்கும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தே வர வேண்டும்.

ஒரே ஜி.ஐ. குழாயில் பல வீடுகள் இணைந்திருந்தால் இன்னொரு சிக்கல். பக்கத்து வீட்டுப் பழுது உங்கள் குழாயில் ஏறும்போது, அந்த மின்னோட்டம் உங்கள் ஆர்.சி.சி.பி. வழியாக வருவதில்லை, எனவே அது விழாது. குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் துண்டைச் சேர்த்தால், முன்பு பார்த்த ஒரு லட்சம் ஓம் தடை உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே நிற்கும்.

மலை வீட்டுக்கு ஓர் ஒழுங்கு

செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் என்றால், முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாங்க வேண்டும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுப்பது, எச்சரித்த காவலாளியை வீட்டைவிட்டு விரட்டுவதாகும். அது விழுவதே எங்கோ கசிகிறது என்பதற்கான சான்று.

அடுத்தது எர்த். பாறையில் எட்டடிக் குழி இறங்காத இடத்தில், மண் இருக்கும் ஆழத்திலேயே ஜி.ஐ. பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். அரை மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் நீளப் பட்டை, அதே 500 ஓம்-மீட்டர் மண்ணில் 50 முதல் 60 ஓம் வரை தரும். செங்குத்துக் குழாய் தருவதில் மூன்றில் ஒரு பங்கு. உப்பும் கரியும் தடையைக் குறைக்கும், ஆனால் உப்பு மழையில் கரைந்தோடும், இரும்பையும் அரிக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் நீடித்துப் பயன்படும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம் என்றாலும் சரியான பழக்கம்.

மூன்றாவது, 3 பின் பிளக். அதன் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். அந்தப் பின்னை உடைத்துவிட்டு 2 பின் துளையில் செருகுவது அந்தக் காப்பையே உடைப்பது. பிளக் பாயின்ட்டுக்குள் எர்த் முனையை நியூட்ரலோடு முறுக்கிவிடும் குறுக்குவழி இன்னும் மோசம். வெளியே நியூட்ரல் கம்பி அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்கள் வழியாகப் பேஸ் வந்து எல்லா உலோக உடலிலும் ஏறி நிற்கும்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடை, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொட வேண்டும். சூடு பார்க்க விரலை விடுவது கூடாது. கீசர் ஓடும்போது குளிக்காமல், காய்ந்த பின் நிறுத்திவிட்டுக் குளிப்பது நல்லது. குழாயைத் தொட்டால் லேசாகக் கூசுகிறது என்று வீட்டில் யார் சொன்னாலும், குழந்தை சொன்னாலும், மெயினை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும். வெளியே கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால், கையால் இழுக்காமல் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்கி, 108-ஐ அழைத்து, மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறி வரும் வரை அந்த இரண்டு கைகள்தான் மருத்துவமனை.

கல்வராயன் மலைக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் தாமதமாகவே வந்தன. இரண்டும் இப்போது ஒரே சுவரில் அருகருகே ஓடுகின்றன. ஒவ்வொரு புதிய குழாய் இணைப்போடும் அந்த வீட்டின் மெயின் போர்டைத் திறந்து பார்த்து, ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில் ஒன்றைப் பொருத்திக் கொடுப்பதை ஊராட்சிகள் திட்டத்தின் பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிரு ஆயிரம் ரூபாய் பொருள் அது. பாறையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் 1.3 ஆம்பியரைக் கண்டுகொள்ளாத ஒரு போர்டுக்குப் பதில் 0.03 ஆம்பியரைக் கண்டுகொள்ளும் போர்டை மாட்ட, ஒரு வயர்மேனின் அரை நாள் வேலை போதும்.